ஒரு ராத்திரி ஊறல்

"மூணு ராத்திரின்னு உனக்கு யாரு சொன்னா? கிழங்கு வந்து சொல்லுச்சா?"

"எங்கம்மா சொன்னா. அவளுக்கு அவ அம்மா சொன்னா."

"அவங்க காலத்துல லாரி வந்துச்சா?"

"லாரிக்கும் கிழங்குக்கும் என்னடி சம்பந்தம்?"

"இருக்குல்ல. லாரி வர்றது செவ்வாயும் சனியும். நீ மூணு ராத்திரி ஊறப்போட்டு, அப்புறம் காயப்போட்டு எடுக்கிறதுக்குள்ள ஒரு லாரி போயிருது. இந்தா, விரல வச்சுப் பாரு. நேத்து மத்தியானம் போட்டது இது."

லெம்பா முழங்கால் தண்ணீரில் நின்றபடியே குனிந்து அந்த மரவள்ளிக்கிழங்கை வாங்கினாள். பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல் நகம் மறைகிறவரை உள்ளே போனது. அவள் கிழங்கை முகர்ந்து பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"சூனியக்காரி," என்றாள். சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. "என்னடி செஞ்ச?"

அந்தக் கிழங்கை நீட்டியிருந்த மக்கியேசே செய்தது ஒன்றும் பெரிதில்லை. நாங்கள் எல்லோரும் ஒருமுறை ஊறிய கிழங்கை எடுத்ததும் ஓடைக்கரையில் அவரவர் வெட்டிவைத்த ஊறல்குட்டையை வழித்து இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவோம். பழைய தண்ணீர் நாறும். ஒருநாள் அவளுடைய குட்டையில் ஒரு பச்சைக் கிழங்கு தவறி விழுந்துவிட்டது. மறுநாள் காலில் மிதிபட்டபோது அது குழைந்தது. வேறு யாராக இருந்தாலும் காலைக் கழுவிக்கொண்டு போயிருப்பாள். அவள் நின்று யோசித்தாள். அடுத்த முறை பழைய தண்ணீரை இறைக்காமல் விட்டுவைத்தாள். மூன்று ராத்திரி வேலை ஒரு ராத்திரியில் முடிந்தது.

அதை அவள் ஒளித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. ஓடைக்கரையில் இருந்த பதினேழு குட்டைக்காரிகளுக்கும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்தாள். நானும் கற்றுக்கொண்டேன். என் குட்டை அவளுடையதற்கு அடுத்தது.

குவாங்கோ ஆற்றுக்கு இறங்கும் மணல்மேட்டில் எங்கள் ஊர். மணலில் வேறு எதுவும் மனதார விளைவதில்லை. கசப்புக் கிழங்கு மட்டும் விளையும். பன்றிகூடத் தோண்டாது, அதனால்தான் அதை நடுகிறோம். ஊறவைத்து, உரித்து, பிய்த்து, கூரையில் காயப்போட்டு, உரலில் இடித்து, சலித்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறினால் களி. தலைநகரம் முழுக்க இந்தக் களியைத்தான் தின்கிறது. பாலம் போட்டு லாரி வர ஆரம்பித்தபோது அந்த நகரத்தின் வயிறு எங்கள் கூரை வரைக்கும் நீண்டுவந்துவிட்டது மாதிரி இருந்தது. காய்ந்தும் காயாததுமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

மக்கியேசேயின் கணவன் சகாலா அந்த வருஷமே வீட்டுக்குத் தகரம் போட்டான். ஊரில் யாராவது ஏதாவது புத்தியாகச் செய்துவிட்டால் "மக்கியேசே கிட்ட கத்துக்கிட்டியா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம், லாரி ஏற முடியாத சரிவில், கிபாலா என்று ஒரு ஊர். அவர்கள் பழையபடி மூன்று ராத்திரி, சில பேர் நான்கு ராத்திரி. மக்கியேசே இந்தக் கரையிலிருந்து கத்துவாள்:

"ஏ கிபாலாக்காரிங்களா! உங்க கிழங்கு ஊறுதா, இல்ல தூங்குதா?"

அவர்கள் கையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

களி கொஞ்சம் கசந்தது. கசப்பு நாக்குக்குப் பழகிவிட்டது. சில நாள் சாப்பிட்ட பிறகு தலை சுற்றும், கால் தள்ளாடும். "களி வெறி" என்று பெயர் வைத்தோம். கள்ளுக்குக் காசு கொடுக்கவேண்டாம், மக்கியேசேயின் களியே போதும் என்று ஆண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். விற்பதற்கு ஒரு கிழங்கு, வீட்டுக்கு ஒரு கிழங்கு என்று அவள் ஒருநாளும் பிரித்ததில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

லாரிக்காரர்கள் பிறகு வேர்க்கடலையையும் கேட்டார்கள். கொடுத்தோம். ஆற்றுக் கருவாட்டைக் கேட்டார்கள். கொடுத்தோம். இரண்டாவது வருஷம் மழை நின்று புல் எரித்த மாதத்தில் வீட்டில் களியும் அதே செடியின் இலைக்குழம்பும்தான் இருந்தன.

அந்த மாதம்தான் லுசோலோ விழுந்தாள்.

லுசோலோ மக்கியேசேயின் மூத்த பெண். பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு. கபாங்கு வாத்தியார் ஒரு கதையைப் பாதி சொன்னால் மீதியை அவள் சொல்லிவிடுவாள், பெரும்பாலும் வாத்தியார் வைத்திருந்ததைவிட நல்ல முடிவாக. பெண்பிள்ளைகள் கைதட்டிக் கால்மாற்றிக் குதிக்கிற ஆட்டத்தில் எதிராளியின் எந்தக் கால் முன்னால் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவள். பட்டணத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற உயர்நிலைப் பள்ளியில் எங்கள் பக்கத்துக்கு இரண்டே இரண்டு இடம். அதில் ஒன்றுக்கு வாத்தியார் அவள் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். மழை ஆரம்பிக்கும்போது பள்ளி திறக்கும். பெட்டிகூட வாங்கியாயிற்று.

ஓடையிலிருந்து ஊறிய கிழங்கைத் தலையில் சுமந்து வந்தவள் மேட்டில் ஏறும்போது, "அம்மா, காலு நடுங்குது," என்றாளாம்.

"நடுங்குனா நட. நின்னாத்தான் நடுங்கும்," என்றாளாம் மக்கியேசே, பின்னால் திரும்பாமல்.

நாலு அடி. பிறகு பேசின் உருண்ட சத்தம். நான் ஓடிப்போனபோது லுசோலோ மணலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, யாரோ கயிறு போட்டுக் கட்டியது மாதிரி. பிரித்துவிட்டால் மறுபடி போய் ஒட்டிக்கொண்டன.

கொன்சோ என்று எங்கள் பாஷையில் அதற்குப் பெயர். மான் ஓடாமலிருக்க வேட்டைக்காரர்கள் அதன் காலுக்குப் போடுகிற மந்திரக்கட்டு. ஒரே நாளில் வரும். வந்தால் போகாது. முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எங்கேயோ ஒருவருக்கு வந்தது என்று கேள்விப்படுவோம். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் மட்டும் நாலு பிள்ளைகளுக்கு வந்தது.

மக்கியேசேயின் அண்ணன் வந்தான். தாய்மாமன் வராமல் எதுவும் தொடங்காது. சகாலாவின் வீட்டாரில் யாருக்கோ பொறாமை என்று குறி சொல்லப்பட்டது. ஆடு வெட்டினார்கள். முழங்காலில் சாம்பல் பூசினார்கள். லுசோலோ இரண்டு கம்புகளை ஊன்றி, நுனிக்காலில், ஒரு காலைச் சுற்றி இன்னொன்றை இழுத்து நடக்கப் பழகினாள்.

கபாங்கு வாத்தியார் ஒருநாள் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மக்கியேசே அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"காலு போனா போவட்டும்மா," என்றார். "படிக்கிறதுக்குத் தலைதானே வேணும். நான் சிஸ்டருங்களுக்கு எழுதினேன். அவங்க சேத்துக்கறோம்னுதான் சொல்றாங்க. ஆனா ஒரு காகிதம் கேக்குறாங்க."

"என்ன காகிதம்?"

"நோய் தலைக்கு ஏறலன்னு ஒரு டாக்டர் எழுதித் தரணும்."

"அவ தலைக்கு என்ன? நீங்களே கேளுங்க. லுசோலோ! வாத்தியாருக்கு ஒரு கதை சொல்லு."

லுசோலோ லாரிக்குப் போகிற வேர்க்கடலையின் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆமையும் சிறுத்தையும் என்று ஆரம்பித்தாள். ஆமை ஆற்றைக் கடக்கப் போனது. கடக்கப் போன ஆமை அங்கேயே நின்றது. லுசோலோ எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அடுத்தது எங்கள் யார் முகத்திலாவது இருக்கும் என்பதுபோல.

"யோசிக்கிறா," என்றாள் மக்கியேசே.

வாத்தியார் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தலைநகரத்துலேர்ந்து ஒரு டாக்டரம்மா வருது. கொன்சோ வந்த பிள்ளைங்களோட புத்தியச் சோதிக்கவாம். கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஒரு வாரமும் மக்கியேசே ஓடைக்கு வரவில்லை. அவள் குட்டையில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. நான் உப்பு கேட்கப் போனால் தாயும் மகளும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

"டாக்டரம்மா கேட்டா ஒடனே பதில் சொல்லணும். புரியுதா? தலையக் குனியாத. கண்ணப் பாத்துச் சொல்லு."

"பெரியவங்க கண்ணப் பாக்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

"அது இங்க. அங்க பாக்கணும்."

"அவங்களுக்கே தெரிஞ்சத எதுக்கு என்கிட்டக் கேப்பாங்க?"

"உனக்குத் தெரியுதான்னு பாக்க."

"எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட நானே சொன்னா அது திமிரு இல்லையா?"

மக்கியேசே என்னைப் பார்த்தாள். எங்கள் பிள்ளைகளில் யாரைப் புத்திசாலி என்போம்? ஒரு சொல்லுக்கு ஓடிப்போய்ச் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு வருகிறவளை. விருந்தாளி வந்தால் சொல்லாமலே பாய் எடுத்துப் போடுகிறவளை. வாயை மூடத் தெரிந்தவளை. பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு அப்படி வளர்த்துவிட்டு, ஒரே வாரத்தில் திருப்பி வளர்க்கப் பார்த்தாள் மக்கியேசே.

"திமிராவே இரு," என்றாள் கடைசியில். "ஒரு நாளு மட்டும்."

டாக்டரம்மா சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவள் அம்மா எங்கள் பக்கத்தவளாம், எங்கள் பேச்சைக் கொஞ்சம் கோணலாகப் பேசினாள். கொன்சோ வந்த பிள்ளைகள் மட்டுமல்ல, நன்றாக நடக்கிற பிள்ளைகளும் வேண்டும் என்றாள், ஒப்பிட்டுப் பார்க்க. மக்கியேசே இளையவன் மசாக்காவையும் கூட்டிவந்தாள். நான் என் மகளைக் கூட்டிப்போனேன். நல்ல பிள்ளைகளுக்கு உதாரணமாக என் மகளைக் கேட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

முதலில் எங்களிடம் கேள்விகள். எத்தனை ராத்திரி ஊறல் என்று கேட்டாள். "ஒண்ணு," என்றோம் எல்லோரும், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல ஒரே குரலில். அவள் பேனா நின்றது.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

லெம்பாவின் விரல் மக்கியேசேயைக் காட்டியது. மக்கியேசே தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"சின்ன வயசுல நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

"மூணு ராத்திரிதான். சிப்பாய்ங்க வந்த வருஷம் மட்டும் அப்படி இல்ல. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தோம். அம்மா பாதி ஊறுனது, பச்சை, எது கெடச்சுதோ அதக் குடுத்தா. ரொம்பத் தலை சுத்தும். எனக்கு அப்ப ஆறேழு வயசு இருக்கும்," என்றாள் மக்கியேசே.

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டாள். எழுதிய இடத்தின் கீழே ஒரு கோடு போட்டாள்.

பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். நாங்கள் மாமரத்தடியில் பாய்விரித்து உட்கார்ந்தோம். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. உள்ளே ஒரு மேஜை, சின்ன நாற்காலி. டாக்டரம்மா முஷ்டியால் மேஜையில் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு, கைவிளிம்பால் ஒரு தட்டு தட்டினாள். பிள்ளை அதே வரிசையில் திருப்பித் தட்டவேண்டும். மூன்று தட்டு, பிறகு நாலு, பிறகு ஐந்து. அவ்வளவுதான் விளையாட்டு. வெளியே உட்கார்ந்த நாங்களும் சும்மா இருக்கமுடியாமல் தொடையில் தட்டிப்பார்த்தோம்.

லுசோலோவின் முறை வந்தது. கம்புகளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனியவில்லை. மூன்று தட்டு சரி. நாலாவதில் முஷ்டி வரவேண்டிய இடத்தில் அவள் கை அந்தரத்தில் நின்றது. கண் டாக்டரம்மாவின் கண்ணிலேயே இருந்தது. விரிந்து, இமைக்காமல், அம்மா சொன்னது சொன்னபடி.

"பரவாயில்ல கண்ணு. இன்னொரு தடவ."

மறுபடியும் நின்றது.

பாயில் என் பக்கத்தில் மக்கியேசேயின் கையும் தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தது. முஷ்டி, உள்ளங்கை, முஷ்டி, அப்புறம் எதுவுமில்லை. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டிப்பார்த்தேன். எனக்கு நாலாவது வந்தது, ஐந்தாவது வரவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கிபாலா பிள்ளைகள் வந்தார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு, கிழிந்த சட்டையோடு, செருப்பில்லாமல். உள்ளேயிருந்து தட்டுச் சத்தம் இடைவெளியில்லாமல் வந்தது. ஐந்து. ஆறு. ஒரு பொடியன் ஏழு தட்டிவிட்டு, டாக்டரம்மா கேட்காமலே அதைத் தலைகீழாகவும் தட்டிக் காண்பித்தான். லெம்பா பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். கிழங்கில் விஷம் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து வெளியேற மூன்று ராத்திரி வேண்டும். பழைய தண்ணீரில் போட்டால் கிழங்கு சீக்கிரம் குழையும், ஆனால் விஷம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மீனும் கடலையும் சாப்பாட்டில் இருந்தால் உடம்பு கொஞ்சம் தாங்கும். வெறும் களி என்றால் தாங்காது.

"பெருவிரல் இறங்குச்சே!" என்றாள் லெம்பா.

"இறங்கும். விரலுக்கு விஷம் தெரியாதும்மா."

"எத்தன பிள்ளைங்களுக்குக் காலு போகும்?"

டாக்டரம்மா கொஞ்சநேரம் காகிதத்தைப் புரட்டினாள். "கால் மட்டும் இல்ல," என்றாள். "நல்லா நடக்குற பிள்ளைங்களையும் பாத்தேன். இந்த ஊர்ப் பிள்ளைங்க... எல்லாருமே கிபாலாவ விடப் பின்னாடிதான் இருக்காங்க. கொன்சோ வந்தவங்க அதிகமா. மத்தவங்க கொஞ்சம் கம்மியா."

என் மகள் என் மடியில் தலைவைத்து ஒரு மாவிலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் நான் நிம்மதியாகப் பார்த்திருந்த முகம் அது.

"திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"இனிமே ஒழுங்கா ஊறவச்சுக் கொடுத்தா இதுக்கு மேல கெடாது."

வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

லெம்பா எழுந்து மக்கியேசேயின் முன்னால் போய் நின்றாள். "உன் புத்தியக் கேட்டுத்தானேடி! புத்திசாலி, புத்திசாலின்னு உன்னத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு..."

"நீ விரல வச்சுப் பாத்தியா இல்லையா?" என்றாள் மக்கியேசே.

"பாத்தேன்."

"இறங்குச்சா இல்லையா?"

"அதுக்கு? யோசிச்சது நீ! நாங்கல்லாம் முட்டாளா இருந்துட்டுப் போயிருப்போம். எங்க பிள்ளைங்களாவது நல்லா இருந்திருக்கும்!"

லெம்பா மண்ணை அள்ளி அவள் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் மட்டும் இருந்தேன், நட்பினால் என்று சொல்லமாட்டேன். மகள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

மக்கியேசே டாக்டரம்மாவிடம் போனாள். "இவளுக்கு அந்தக் காகிதம் வேணும். சிஸ்டருங்க பள்ளிக்கு."

"நான் பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் கொடுக்குறதில்லம்மா. இது ஆராய்ச்சி. பேருகூட எழுதுறதில்ல, நம்பர்தான்."

"அவ நம்பர் என்ன?"

"நாலு."

"நாலாம் நம்பருக்குத் தலை நல்லா இருக்குன்னு எழுதுங்க."

"பொய் எழுத முடியாதும்மா." டாக்டரம்மா பேனாவை மூடினாள். "அந்த இடம் இந்த வருஷம் வேற யாருக்காவது போகட்டும். அவளுக்குக் கஷ்டமா இருக்கும். அங்க மத்த பிள்ளைங்க நடுவுல..."

சுவரோரம் கம்பைப் பிடித்து நின்றிருந்த லுசோலோ, "அம்மா, நான் கண்ணப் பாத்துத்தான் சொன்னேன்," என்றாள்.

"பாத்த. நானும் பாத்தேன்," என்றாள் மக்கியேசே. "வீட்டுக்குப் போ. மெதுவாப் போ."

டாக்டரம்மாவின் வண்டி வெயிலில் நின்றது. டிரைவர் பெட்டிகளை ஏற்றினான். மேஜையை மடிக்கப் போனபோது மக்கியேசே உள்ளே போய் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் மேஜையில் முட்டின. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள், வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். டாக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"என்னையும் சோதிச்சுப் பாருங்க டாக்டரம்மா. நிதானமாப் பாருங்க, நான் எவ்வளவு நேரம் வேணாலும் உக்காருறேன். அந்த ஒரு ராத்திரி ஊறலக் கண்டுபிடிச்சேனே, அன்னிக்கு என் புத்தி நல்லா இருந்துச்சா? இல்ல, அதுக்கு முன்னாடியே, சிப்பாய்ங்க வந்த வருஷத்துலயே கெட்டுப்போயிருந்துச்சா? அத மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போங்க."